மெல்ல வளர்ந்த தெருக்கள்

மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும் உடனே நகருக்குள் குடிபுகவில்லை. கவுந்தியடிகளோடு மதிற்புறத்தில், அறவோர் உறையும் புறஞ்சேரியில் தங்கினர். துறவியர் வாழும் இடம் இல்லறத்தார் நெடுநாள் தங்குதற்கு உரியதன்று. ஆகவே அடிகள் அவர்களுக்கு ஓர் இருப்பிடம் வேண்டுமென எண்ணிக்கொண்டிருக்கையில், ஆயர்குல முதியவளாகிய மாதரி அவ்வழியே வருகிறாள். அவளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். இடைச்சேரியைத் தேர்ந்ததற்கு அடிகள் தம் நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் கருதத்தக்கது. ஆவைக் காத்து அதன் பயனைப் பிறர்க்களிக்கும் ஆயர் வாழ்வில் கொடுமை இல்லை. மாதரியோ தீதற்றவள், முதியவள், இரக்கமுடையவள். வீடு பெரிதா சிறிதா என்பதை அடிகள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அக்கம்பக்கம் எத்தகையது என்பதையே எண்ணினார்.

மாதரி அவர்களைத் தன் வீட்டுத் திண்ணையில் ஒதுக்கி வைக்கவில்லை. வேலி சூழ்ந்த, செம்மண் பூசிய பந்தலோடு கூடிய சிறு மனை ஒன்றைத் தனியே தந்தாள். வந்தவர் சாவக நோன்பியர், பகற்பொழுதிலேயே உண்ணும் வழக்கினர் என்பது ஆயர் மகளிர்க்கு அறிவிக்கப்படுகிறது. அதற்கேற்பச் சமையற்கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்குமாறும் சொல்லப்படுகிறது. அவர்களும் புதுக்கலங்களோடு காய்களும் கனிகளும் நல்லரிசியும் கொண்டுவந்து தருகின்றனர். அந்த மனையில் அவ்விருவரும் சேர்ந்து வாழ்ந்தது மிகச் சிறுபொழுதே. ஆயினும் வேற்றூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஒரு தெரு ஏற்றுக்கொண்ட முறையைக் காட்ட இதனினும் தெளிவான ஒரு காட்சியைத் தமிழில் நான் கண்டதில்லை.

பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்குமேல் தமிழ் கற்பித்தவன் நான். கொலைக்களக் காதையை நடத்தும்போதெல்லாம் சிலம்பையும் பொற்கொல்லனையும் பற்றியே விரித்துரைத்தேன். அந்தச் சமையற்கலங்கள் என் கண்ணில் பட்டது, நானே சென்னையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த பிறகுதான். அதைச் சொல்வதற்கு முன், அந்தத் தெரு எவ்வாறு உண்டாயிற்று என்று சொல்லவேண்டும்.

சேரி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இழிபொருள் இல்லை. பலர் சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஊரின் பகுதிகள் சேரிகள் என்றே குறிக்கப்படுகின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக அனைவரும் அறிவர். முதற் பராந்தகன் காலத்துக் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் 35 அகவைக்குக் குறையாதவராகவும் 70 அகவைக்கு மேற்படாதவராகவும் இருக்கவேண்டும் என்பதோடு, இறை செலுத்தும் நிலமுடையவராகவும் தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. அடுத்தவர் மனையில் குடியிருப்பவருக்கு ஊர் நிருவாகத்தில் இடமில்லை. குடவோலையைப் புகழ்ந்து மேடையில் முழங்குவோர் இந்த விதியைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர். நிலைகுடி என்பதன் இலக்கணமாக அன்று கருதப்பட்டது சொந்த மனை. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் பெண் கொடுக்கும் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

சென்னையில் சொந்த மனை என்பது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தது. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் மேற்கே நீண்டு கிடந்த பேரேரியின் பரப்பில் தியாகராய நகர் எழுந்தது. பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து சாலைகள் பிரிந்து செல்லும்படி வரைபடம் போட்டனர். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும், மாதச் சீட்டு வாங்கக்கூடிய எழுத்தர்க்கும் ஆசிரியர்க்கும் மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் அலுவலகத்துக்கு அருகில் வந்தன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டு அமைப்பு தோன்றியது, சி.ஐ.டி. நகர் அதன் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் அடையாற்றில் காந்தி நகர் உருவாயிற்று. 1961இல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர், அண்ணா நகர் என்று நகரம் மேற்கே விரிந்தது. 1968இல் உலக வணிகப் பொருட்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அண்ணா நகர்ப் பூங்காவில் இன்றும் நிற்கிறது.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. நான் சொல்ல விரும்புவது இவற்றுக்குப் பின் வந்த, யாரும் பெரிதாக எழுதாத ஒரு முயற்சியைப் பற்றி.

வாரியம் கட்டித் தந்த முழு வீடுகளின் தவணையைக்கூடக் கட்ட இயலாத மக்கள் நகரில் பெருகியிருந்தனர். அவர்களுக்கு வீட்டைத் தரவேண்டா, மனையைத் தந்தால் போதும் என்று சிலர் சிந்தித்தனர். 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. பின்னர் முகப்பேர் போன்ற இடங்களுக்கும் பரவியது. தெருக்களை வகுத்து, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றை அமைத்துச் சிறு மனைகளாகப் பிரித்தனர். மிகச் சிறிய மனைகள் ஒரு சென்ட்டை ஒட்டிய அளவினவே. அவற்றில் ஒரு கழிவறையும் நீர் இணைப்பும் மட்டும் இருக்கும். மற்றதை வாங்கியவர் தம் கைப்பொருளுக்கேற்பக் கட்டிக்கொள்ளவேண்டும்.

இத்திட்டத்தில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஒன்று, ஏழைகளுக்கெனத் தனிக் குடியிருப்பு ஒன்றை ஒதுக்குப்புறத்தில் உண்டாக்காமல், சிறு மனைகளையும் நடுத்தர மனைகளையும் பெரிய மனைகளையும் ஒரே குடியிருப்புக்குள் கலந்து வைத்தனர். மற்றொன்று, பெரிய மனைகளையும் கடைகளுக்குரிய மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தைக் கொண்டு சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். பணமுள்ளவர் தமக்கு மனை வாங்கினார். வாங்கும்போதே, தாம் அறியாமலே, பக்கத்துத் தெருக்காரரின் மனைக்கும் ஒரு பங்கு கொடுத்தார்.

தொடக்க ஆண்டுகளில் இத்திட்டம் தோல்வி என்றே பலர் தீர்ப்பளித்தனர். மனைகள் வெறுமையாகக் கிடந்தன, முள்ளும் புதரும் வளர்ந்தன, பேருந்து இல்லை, பலர் கட்டவே தொடங்கவில்லை, சிலர் வாங்கிய மனையை விற்றுவிட்டுப் போயினர். கட்டியவர் கட்டியதும் கீற்றுக் கொட்டகையே. கணக்கெடுக்க வந்த அதிகாரிக்குக் குறிப்பேட்டில் எழுத நல்லதாக ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குப்பின் ஆய்வாளர்கள் அவ்விடங்களுக்கு மீண்டும் வந்து பார்த்து, 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டது நெருங்கிய, பலவகை வருவாயினர் கலந்து வாழும், கடைகளும் பள்ளிகளும் நிறைந்த குடியிருப்புகள். வீடுகள் மாடி மேல் மாடியாக எழுந்திருந்தன. தோல்வி என்று முன்பு எழுதப்பட்டது, உரிய காலத்துக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு.

இம்மலரைப் படிப்போருள் பலருக்கு அரும்பாக்கத்தை எம்.எம்.டி.ஏ. காலனி என்று சொன்னால்தான் தெரியும். திட்டத்தை ஒருங்கிணைத்த பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஊர்ப்பெயராகிவிட்டன.

வந்தவாசி வட்டத்தில் பிறந்த நான், திருமணமான ஓராண்டில், 1987இல், இவ்வகைக் குடியிருப்பு ஒன்றில் குடிபுகுந்தேன். வீட்டுக்காரர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். குலுக்கலில் அவருக்குச் சிறு மனை கிடைத்திருந்தது. முதலாண்டு கழிவறையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டாராம். பிறகு செங்கற்சுவரும் கல்நார்த் தகடும். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு சமையலறை. மனைவியின் வளையல்களை அடகு வைத்துத் தளம். அந்தத் தளத்தின்மேல் ஓர் அறையும் சமையலறையும் எழுப்பி வாடகைக்கு விட்டார். அதுதான் எங்கள் வீடு. நாங்கள் தந்த வாடகையில் அவ்வளையல்கள் மீண்டன என்று அவ்வம்மையார் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னார். மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. நாங்கள் குடியிருந்த நான்காம் ஆண்டில்தான் அது வந்தது. அதுவரை ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

கட்டுமானம் ஓயாத தெரு அது. எந்நேரமும் யாரோ ஒருவர் வீட்டில் மணல் கொட்டியிருக்கும். மழைக்காலத்தில் அம்மணல் தெருவெல்லாம் பரவும். பிள்ளைகள் படிக்கக் கொத்தனாரின் தட்டுச் சத்தம் ஒரு தடையாகவே இருந்ததில்லை. அவர்களுக்கு அது பழகிய ஒலி. எந்த வீடும் இன்னொன்றைப்போல் இல்லை. கடன் வாங்கி ஒரே மூச்சில் வீடு கட்டியவர் அத்தெருவில் மிகச் சிலர். பெரும்பாலோர் கையில் காசு வந்தபோது கட்டினர், வராதபோது நிறுத்தினர். மருத்துவச் செலவோ மகள் திருமணமோ வந்தால் சுவர் அரைகுறையாக நிற்கும். அதற்காக வீட்டைவிட்டு வெளியேற்ற யாரும் வரமாட்டார்கள்.

குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மாலை நான்கரைக்குமேல் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் ஏறும். அங்கே நிற்கும் குடங்களின் வரிசை சென்னைவாசிகள் அனைவரும் அறிந்ததே. நான் பள்ளியிலிருந்தும் என் மனைவி அலுவலகத்திலிருந்தும் ஐந்து மணியளவில் வருவோம். நம் இல்லங்களில் அனத்தமி என்னும் இரவுண்ணாமை தலைமுறை வழக்கம். இரண்டு நாழிகைப் பொழுது இருக்கும்போதே உணவை முடிப்போரும் உண்டு. நவம்பர் இறுதியில் சென்னையில் மாலை ஐந்தே முக்காலுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். தண்ணீர் பிடித்து, வடிகட்டிக் காய்ச்சி, சமைத்து, உண்ண அந்த நேரம் எப்படிப் போதும்? முதல் மாதம் பல நாள்கள் பழத்தோடு முடித்துக்கொண்டோம்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மையார், நீங்கள் ஏன் மாலையில் அடுப்பு மூட்டுவதில்லை என்று கேட்டார். என் மனைவி காரணத்தைச் சொன்னார். மறுமுறை தண்ணீர் வந்தபோது எங்கள் குடம் வரிசையின் முன்னே இருந்தது. "அந்த வாத்தியார் வீட்டுக்குப் பொழுதோட சாப்பிடணும், முதல்ல விடுங்க" என்று அவர் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாராம். அடுத்த வாரம் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. யாரோ ஒருவர் எங்கள் இரண்டு குடங்களையும் நிரப்பிப் படிக்கட்டின் அடியில் வைத்திருந்தார். வைத்தவர் யாரென்று நாங்கள் அறிந்ததும் இல்லை. அத்தெருவில் நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தோம். கீழ்வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் நாள்களில் மாடிப்படிப் பக்கத்துச் சன்னலை அவ்வம்மையார் சாத்தி வைப்பார். நாங்கள் கேட்டதில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மாதரியின் கலங்களை நான் கண்டுகொண்டது அந்த ஆண்டுகளில்தான்.

சைவ உணவினர்க்கு மட்டும் என்னும் விளம்பரத்தை வாடகைக்கு வீடு தேடும் நம்மவர் இன்று விரும்பிப் பார்க்கின்றனர். அதன் காரணம் எனக்குப் புரியாததன்று. ஆனால் கவுந்தியடிகள் அப்படித் தேடவில்லை என்பதையும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லவேண்டியவனாகிறேன்.

குடியிருப்பவர்க்குச் சட்டப் பாதுகாப்பும் இந்நகரில் பழமையானது. அடுத்தவர் நிலத்தில் வாடகைக்கு இடம் பெற்று வீடு கட்டியவர்களைக் காக்க 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960இல் வந்து, அரை நூற்றாண்டுக்குமேல் நிலவியது. அதனால் பயன்பெற்ற குடித்தனக்காரர் பலர். ஆனால் உயராத வாடகைக்கு வீட்டை விட்டுவிட்டுப் பழுதுபார்க்க மனமில்லாமல் இடியவிட்டவர்களும், வாடகைக்கு விடவே அஞ்சிப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 முதல் நடைமுறைக்கு வந்து, எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. எங்களுக்கும் அந்த அச்சுக்கோப்பாளருக்கும் இடையே ஒப்பந்தத் தாள் எதுவும் இருந்ததில்லை. இருந்தது மூன்று மாத முன்பணமும் ஒரு கோடுபோட்ட குறிப்பேடும்.

நல்ல தெரு மலிவாக நீடிப்பதில்லை. தியாகராய நகரின் கதை இதற்குப் போதும். ஒருகாலத்தில் திண்ணை வைத்த வீடுகள் இருந்த ரங்கநாதன் தெருவில் இன்று குடியிருப்போரைத் தேடிக் காணவேண்டும். அரும்பாக்கத்திலும் அதுவே நிகழ்ந்தது. 1996இல் கோயம்பேட்டுக்குச் சந்தை வந்தது. 2002இல் புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. 2015இல் மெட்ரோ தொடர்வண்டி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது ஊரார் மகிழ்ந்தனர். ஒவ்வொன்றும் வந்தபோது மனையின் விலையும் ஏறியது. 2015 டிசம்பரில் கூவம் கரைபுரண்டு வெள்ளம் புகுந்தது. அதனாலும் விலை நெடுநாள் இறங்கவில்லை. 2023 இறுதியில் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போயிற்று. ஏறிய வாடகை அதோடு கூடப் போகவில்லை. மனைக்குரியவர்க்கு இஃது ஊதியம். அச்சுக்கோப்பாளரின் பிள்ளைகள் இன்று நன்றாக இருக்கின்றனர் என்றால் அந்த ஒரு சென்ட் மனைதான் காரணம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1987இல் நான் நின்ற இடத்தில் இன்று நிற்கும் ஓர் இளைஞனுக்கு அத்தெருவில் இடமில்லை.

என் தமக்கை மகன் அத்தகையவன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறான். வாடகை கட்டுபடியாகும் வீடு தாம்பரத்துக்கும் தெற்கே, கூடுவாஞ்சேரியையும் தாண்டித்தான் கிடைத்தது. வீடு நன்றாகவே இருக்கிறது. காற்றும் நீரும் உண்டு. ஆனால் அவன் இல்லம் சேர இரவு எட்டு மணி ஆகிறது. மாலை ஐந்தரைக்கு அலுவலக மேசையிலேயே உணவுப் பெட்டியைத் திறந்து உண்டுவிடுகிறான். மனைவியும் குழந்தையும் வீட்டில் தனியே உண்கின்றனர். நோன்பு கெடவில்லை. ஆனால் வார நாள்களில் மூவரும் சேர்ந்து ஒருவேளையும் உண்பதில்லை என்று அவன் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. நம் இளைஞர் வழக்கங்களைக் கைவிடுகின்றனர் என்று மூத்தோராகிய நாம் மலர்தோறும் எழுதி வருந்துகிறோம். அவர்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று நாம் ஒருமுறையேனும் எழுதியதாக நினைவில்லை.

அவனுக்கு மனை வாங்கவும் விருப்பமுண்டு. வங்கியில் கேட்டால் முழு வரைபடமும் குறித்த காலத்துக்குள் கட்டி முடிக்கும் உறுதியும் வேண்டும் என்கின்றனர். ஓர் அறையை இப்போது கட்டுகிறேன், மற்றதைப் பத்தாண்டுகளில் கட்டுவேன் என்பவனுக்குக் கடன் தர அவர்களிடம் வழியில்லை. அடுக்ககமோ முழுமையாகவே விற்கப்படுகிறது. பாதி வீடு வாங்க இயலாது. அச்சுக்கோப்பாளருக்குக் கிடைத்த அந்த அரைகுறை வீடு இன்று சந்தையில் எங்கும் இல்லை.

நம் சமுதாய அறக்கட்டளைகள் மாணவர் விடுதிக்கும் கல்வி உதவிக்கும் செய்வது பெரிது. குடும்பத்தோடு நகருக்கு வருபவர்க்கு இருப்பிடம் பற்றியும் சிந்திக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். காந்தி நகரைப்போல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்து, தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, பெரிய மனையும் சிறு மனையும் கலந்த ஒரு நிலப்பகுதியை வாங்கலாம். பெரிய மனை வாங்குவோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் சிறு மனையின் விலை குறையும். பலர் தலையசைத்தனர். நம்மவர்க்கு மட்டுமா என்று ஒருவர் கேட்டார். அப்போது நான் தயங்கினேன். நமக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பணிகள் எளிதாகும். ஆனால் எங்கள் குடத்தை முன்னே வைத்தவர் நம்மவர் அல்லர். அக்கேள்விக்கு விடை காணாமலே அன்றைய கூட்டம் முடிந்தது.

சென்ற தை மாதம் அந்தப் பழைய தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து இரண்டு மனைகளையும் சேர்த்து ஒரு கட்டுநருக்குக் கொடுத்து, நான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள். மூத்த மகன் முதல் தளத்தில் இருக்கிறார். என்னை அடையாளம் கண்டு, கீழே வண்டி நிறுத்துமிடத்தின் மூலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தாழ்ந்த கூரையோடு ஒரு சிற்றறை. அரசு கட்டித் தந்த அந்தப் பழைய கழிவறை; சுவர் உறுதியாக இருந்ததால் இடிக்காமல் தண்ணீர் மோட்டாரை அதற்குள் வைத்திருக்கிறார்களாம். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாலை நான்கரை இருக்கும். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பவேண்டும் என்று நான் விடைபெற எழுந்தபோது, அவர் தம் மனைவியை அழைத்து, சாருக்கு முதலில் ஏதாவது உண்ணக் கொடு என்றார்.